நாற்காலிப் பேச்சு

லிஃப்ட்காரர் வாய் தவறிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆள் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மேலே போவார், கீழே வருவார். இவரளவுக்கு ஏறி இறங்கியவரும் கிடையாது, இவரளவுக்குக் காலை அசைக்காதவரும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும், உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஜன்னலோர நாற்காலியில் போய் உட்காருவார். கான்வாஸ் துணி போட்ட மடக்கு நாற்காலி. அவர் முதுகுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் தொய்ந்திருக்கும். அதில் சாய்ந்தால்தான் அவருக்குத் தான் ஒரு குடும்பத் தலைவன் என்ற நினைப்பே வரும்.

வீட்டில் வெளிச்சம் வருவது அந்த ஒரு ஜன்னலில்தான். மனைவியோ தையல்காரி. மெஷின் கிடப்பது உள்ளறை இருட்டில். அன்றைக்கு ஒரு கறுப்புத் துணிக்குக் கருநீல நூல் போட்டுத் தைத்துவிட்டாள். துணிக்காரப் பெண்மணி வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாலையில் அந்தத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஏங்க, நாற்காலியை உள்ளே போட்டுட்டா மெஷினை இங்கே வெச்சுக்கலாம். கண்ணு எரியுது."

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டால் லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்துவிடும். என் ஒரே சுகத்தில் கை வைக்கிறாயா என்று ஆரம்பித்தார். அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், உட்கார்ந்து உட்கார்ந்து உங்கள் உடம்பே நாற்காலி மாதிரி ஆகிவிட்டது என்றாள். இது சுருக்கென்று தைத்தது. வேகமாக எழுந்தார். முதல் முயற்சியில் முடியவில்லை, இரண்டாவதில் எழுந்தார்.

"நாளையிலேருந்து நான் ஓடப் போறேன். ஞாயித்துக்கிழமை ஏரியை நிக்காம ஒரு சுத்து வந்து காட்டறேன். வந்துட்டா, அதுக்கப்புறம் இந்த வீட்ல யாரும் நாற்காலிப் பேச்சை எடுக்கக் கூடாது."

"வரலைன்னா?"

"நாற்காலியையே எடுத்துக்கோ."

அவள் ஊசியை நிறுத்தினாள். "ஓடி வந்துட்டா நான் பேச்சை எடுக்கக் கூடாது. அவ்வளவுதானே?" என்று நிதானமாகக் கேட்டாள். அவ்வளவேதான் என்றார், வீராப்பாக. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

மறுநாள் விடிந்ததும் ஓடினார். தெருமுனை வரை. அங்கே விலாவில் ஒரு பிடிப்பு பிடித்தது பாருங்கள், விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்.

"எடுத்த எடுப்புல குதிரை மாதிரி பாயக் கூடாது தம்பி. கொஞ்சம் ஓடணும், கொஞ்சம் நடக்கணும், மறுபடி ஓடணும். பேசிக்கிட்டே ஓட முடியணும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

இதை மனைவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் நான் போன் பண்ணுகிறேன், நீங்கள் பேசிக்கொண்டே ஓடுங்கள் என்று சட்டைப்பையில் போனைச் செருகிவிட்டாள்.

அடுத்த நாள் ஓட வேண்டும் என்றுதான் போனார். சத்தியமாக. ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு பெஞ்ச் இருந்தது. பக்கத்தில் ஒரு டீக்காரர் சைக்கிளோடு நின்றிருந்தார். ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று உட்கார்ந்தார். டம்ளர் கைக்கு வருவதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்துக்கொண்டே எடுத்தார்.

"ஓடறீங்களா?"

"ஹா... ஓட... றேன்."

அந்த நேரம் பார்த்தா டீக்காரர் "சூடா டீ" என்று கூவ வேண்டும்?

"யாருங்க அது?"

"டீக்காரர். என்... கூடவே... ஓடி வர்றாரு."

கெட்டிலையும் தூக்கிக்கொண்டா என்று அவள் கேட்டாள். ஆமாம், அவரும் பழகுகிறார் என்றார். பாவம், சிந்தாமல் ஓடச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்துதான். காலையில் பெஞ்ச், டீ, போன், இரைப்பு. திரும்பும்போது ஏரித் தண்ணீரைச் சட்டையில் தெளித்துக்கொண்டு வந்தார். அவள் டீக்காரரின் ஓட்டத்தையும் மறக்காமல் விசாரிப்பாள். அந்த விசாரிப்பில்தான் இவருக்கு உயிரே போகும். தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா? ராத்திரி நாற்காலியில் சாய்ந்தால், அதன் கட்டையைத் தடவியபடியே கிடப்பார். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இவர் கதையில் நிஜத்துக்கும் கால் இல்லை.

சனிக்கிழமை, வேறு வழியில்லாமல் டீக்காரர் காலில் விழாத குறையாகக் கேட்டார். வாழ்நாள் முழுக்க ஊருக்கே லிஃப்ட் கொடுத்தவர், முதல் தடவையாக ஒரு லிஃப்ட் கேட்டார். டீக்காரர் காதைச் சொறிந்துகொண்டே சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் டிரில் மாஸ்டரும் ஏரிக்கரைப் படியில் நின்றார்கள். லிஃப்ட்காரர் கிளம்பினார். மரங்கள் வரை போவதற்குள்ளேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. மோட்டார் ரூம் பின்னால் டீக்காரர் தயாராக இருந்தார். தொற்றி ஏறிக் கேரியரில் உட்கார்ந்தார். சைக்கிள் கொஞ்ச தூரம் போயிருக்கும், கடகடவென்று ஒரு சத்தம். செயின் கழன்றுவிட்டது.

டீக்காரர் குனிந்து செயினோடு மல்லுக்கட்டினார். மரங்களின் வரிசை முடிகிற இடத்தில் சீக்கிரம் இவர் தலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மாஸ்டர் தேடிக்கொண்டு வந்துவிடுவார். லிஃப்ட்காரர் தானும் குனிந்து செயினைப் பிடித்து இழுத்தார். போன் அடித்தது.

"என்னங்க, மரத்துக்குப் பின்னாடி போய் ரொம்ப நேரமாச்சு?"

"வந்துக்கிட்டே இருக்கேன்."

"அது என்ன கடகடன்னு சத்தம்?"

"முட்டி."

செயின் மாட்டியது. மரங்கள் முடிகிற இடத்தில் குதித்து இறங்கி, மிச்சத்தைத் தள்ளாடி ஓடிப் படியில் வந்து விழுந்தார். மாஸ்டர் கைதட்டினார். மனைவி துண்டை நீட்டினாள். நீட்டியவள் பார்வை அவர் விரல்களில் போய் நின்றது. கறுப்பு மசி.

"மண்ணு" என்றார்.

"ஆமா, மண்ணுதான்" என்று துடைத்துவிட்டாள்.

அன்று பகல் முழுக்க ராஜா மாதிரி நாற்காலியில் கிடந்தார். அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலையில் மெஷின் சத்தம் கேட்டு எழுந்தார். ஜன்னலோரம் மெஷின். முழு வெளிச்சத்தில் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், கண்ணைச் சுருக்காமல். நாற்காலியைக் காணோம்.

"நாற்காலி எங்கே?"

"ரெண்டு கால் இருக்கற நீங்களே ஓடும்போது, நாலு கால் இருக்கறது ஓடாதா?"

"விளையாடாதே. நான்தான் ஜெயிச்சேனே. நாற்காலிப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு..."

"எடுக்கலையே. நேத்துலேருந்து நான் ஒரு பேச்சு எடுத்தேனா? நாற்காலியைத்தான் எடுத்தேன்."

அவர் உள்ளறையை எட்டிப் பார்த்தார். அங்கேயும் நாற்காலி இல்லை.

"அந்தக் கறுப்புத் துணி யாருதுன்னு நெனைச்சீங்க? டீக்காரர் சம்சாரத்துது. நீங்க பெஞ்ச்ல உக்காந்து டீ குடிக்கறதை மொத நாளே சொல்லிட்டா. அவங்க சைக்கிளுக்கு முட்டி மாத்தணுமாம்." நூலைப் பல்லால் கடித்தாள். "தினமும் அந்த மர பெஞ்ச்ல உக்காந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்? அதான் மோட்டார் ரூம் பின்னாடியே போட்டுடச் சொல்லி டீக்காரர்கிட்ட நாற்காலியைக் கொடுத்தனுப்பிட்டேன். டிரில் மாஸ்டர்கிட்டயும் சொல்லியிருக்கேன். முன்னாடி வர்றவங்களுக்குத்தான் நாற்காலி. அவர் இப்பதான் கிளம்பினாரு."

லிஃப்ட்காரர் சட்டைப் பித்தானைக்கூடப் போடவில்லை. தெருமுனையைத் தாண்டினார், விளக்குக் கம்பத்தைத் தாண்டினார். ஏரிக்கரையில் தூரத்தில் மாஸ்டரின் வெள்ளைத் தொப்பி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு உலைத் துருத்தி மாதிரி அடித்துக்கொள்ள, பாய்ந்தார். பையில் போன் அடித்தது. எடுத்தார். ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

"பேச முடியலையா?" என்றாள் மனைவி. "அப்போ இன்னிக்கு நிஜமாவே ஓடறீங்க."