அண்டக் கொடுத்த கல்

இலக்கியம் உயிரைக் காக்கும் என்பதைப் போடிநாயக்கனூர் உலகுக்கு நிரூபித்துவிட்டது. யாருடைய உயிரை என்பது சிறு விவரம், கடைசியில் வரும்.

இந்தப் பெருமை ஏலமலை இலக்கியப் பேரவையையும், அதன் நிரந்தரத் தலைவரும் ஏலத்தோட்ட முதலாளியுமான கண்ணுச்சாமியையும் சேரும்.

அவர் தோட்டத்தில் காய் எடுப்பவள் அன்னக்கொடி. தினமும் விடியலில் பதினான்கு பெண்களோடு தோட்டத்து ஜீப்பில் மலையேறுகிறவள். அந்த ஜீப்பில் பிரேக் பிடிப்பதில்லை. அதனால் கடைசியாக ஏறுபவளின் மடியில் ஒரு கல் இருக்கும். வளைவில் வண்டி திணறினால் அவள் குதித்து, அதைப் பின்சக்கரத்தடியில் திணித்து அண்டக் கொடுக்க வேண்டும். மூன்று மாதமாக அந்தப் ‘பதவி’ அன்னக்கொடியிடம் இருந்தது.

பிரேக்கைச் சரிசெய்யச் சொல்லி இரண்டு மனு கொடுத்தாள். முதலாளிக்கு மனு படிக்க நேரமில்லை. ஆனால் தொழிலாளர்களுக்குச் சிறுகதைப் போட்டி அறிவித்து, வருகிற கதைகளையெல்லாம் தானே படிக்கப்போவதாகச் சொன்னார். அன்னக்கொடி யோசித்தாள். ‘பெறுநர்’ வரியை மட்டும் வெட்டிவிட்டு, அதே மனுவைப் போட்டிக்கு அனுப்பினாள்.

முதல் பரிசு!

ஞாயிற்றுக்கிழமை விழாவில் பேராசிரியர் நிலவன் கதையை ஆராய்ந்தார்.

“பிரேக் இல்லாத ஜீப்! நவீன வாழ்க்கைக்கு எப்பேர்ப்பட்ட உருவகம்!”

“உருவகமெல்லாம் இல்லைங்க சார். வெளியிலதான் நிக்குது. போய்ப் பாருங்க.”

“முதல் வளைவிலேயே வண்டி பின்னால் நழுவுகிறது. இதற்குப் பெயர் முன்னுணர்த்தல். அடுத்து ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று வாசகன் பதறுகிறான்.”

“நாங்களும் அதுக்குத்தான் பதறுறோம் சார்.”

பலத்த கைதட்டல். உடனே கவிஞர் பாண்டித்துரை எழுந்து ஓர் அடிப்படைச் சந்தேகத்தைக் கிளப்பினார். பிரேக் பிடிக்கவில்லை என்று அவளேதானே சொல்கிறாள், சாட்சி யார்? இருபது நிமிட விவாதத்துக்குப் பின், அன்னக்கொடி ஒரு ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்று பேரவை பெருமிதத்தோடு தீர்மானம் நிறைவேற்றியது.

“என்னக்கா, உன்னயப் பொய்க்காரிங்கிறாகளா?” என்றாள் பக்கத்திலிருந்த ரோஜா.

“பரிசக் குடுத்துட்டுத்தானடி சொல்றாக. பேசாம இரு.”

பேராசிரியர் தொடர்ந்தார். “இதில் கிரீடம் வைத்ததுபோல் திறந்த முடிவு. ஜீப் என்ன ஆனது என்று சொல்லவே இல்லை.”

அன்னக்கொடி தலைவரைப் பார்த்தாள். “பிரேக்க மாட்டிவிட்டீகன்னா முடிச்சுக் குடுத்துர்றேன் மொதலாளி.”

“அவசரப்படாதத்தா. முடிவச் சொல்லிட்டா கலை செத்துப்போகும்.”

“கலை மட்டுந்தானா மொதலாளி?”

இந்த வசனத்தையும் பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

நிறைவாக, மடியிலிருந்த கல் ‘தமிழின் தலைசிறந்த குறியீடு’ என்று அறிவிக்கப்பட்டது. அதைப் பேரவையே வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியது. அன்னக்கொடிக்கு ஒரு கருங்கல் கேடயம் கிடைத்தது. இரண்டு செங்கல் கனம். முகப்பில் அவள் பெயர் பொடியெழுத்தில், தலைவர் பெயர் கொட்டை எழுத்தில்.

திங்கள் காலை, போடிமெட்டுப் பாதையின் எட்டாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் முக்கியது, நின்றது, பின்னால் நழுவியது.

“ஏத்தா, கல்லு!” என்று டிரைவர் ஒச்சப்பன் கத்தினான்.

அன்னக்கொடி குதித்தாள். பழைய கல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மடியில் இருந்தது விருதுதான். அதையே சக்கரத்தடியில் திணித்தாள். தலைவரின் பெயர்மீது டயர் ஏறி நின்றது. பதினான்கு பேரும் மூச்சு விட்டார்கள்.

அப்போது பின்னாலேயே முதலாளியின் கார் வந்து நின்றது. தோட்டத்து விருந்துக்குப் போகும் பேராசிரியரும் உள்ளே இருந்தார். கண்ணாடி இறங்கியது. முதலாளி சக்கரத்தைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார். இறங்கி வரப்போகிறார் என்று அன்னக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் தன் டிரைவரிடம் சொன்னார்: “யப்பா, அந்த ஜீப்புக்குப் பின்னால நிக்காத. வெரசா முந்திப் போயிரு.”

கதையை முதலாளி ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார் என்பது அன்னக்கொடிக்கு அப்போதுதான் தெரிந்தது.