யெல்மரின் வெயில்

"வெயில் வரலன்னா நாம வரவெச்சா என்னடா?" என்று யெல்மர் கேட்டதுமே பஸ்தியான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான். யெல்மர் யோசிக்க ஆரம்பித்தால் ஏதாவது ஒன்று எரியும் என்பது அவன் அனுபவம்.

டெவென்டரில் இரண்டு வாரமாக மழை. நெதர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு சூரிய ஒளியில் ஓடும் பந்தயக் கார் செய்வதே ஒரு கிறுக்குத்தனம்தான். யெல்மரின் கல்லூரி மாணவர் குழுவுக்கு அந்தக் கிறுக்கு பிடித்து ஒரு வருஷமாகிறது. காரின் புதுக் கூரை யெல்மருடையது. பின் சரிவு வரைக்கும் சூரியத் தகடுகளை நெருக்கி நெருக்கி ஒட்டியிருந்தான். அந்த மும்முரத்தில் ஒரு தேர்வையும் ஒரு காதலியையும் கோட்டைவிட்டிருந்தான், பாவம்.

குழுத் தலைவி ஆன்னமீக் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மூணு மணி நேரம் கரண்ட் லோடு இழுக்கணும், பேட்டரி முள்ளு இறங்கக் கூடாது. இன்னிக்குள்ள காட்டு. இல்லன்னா நாளைக்கு ஆஸ்திரேலியப் பந்தயத்துக்குக் கப்பல் ஏறப்போறது பழைய கூரைதான்."

"வெயிலே இல்லாம எப்படிக் காட்டறது?"

"அது உன் பாடு, உன் கூரை பாடு."

யெல்மர் கல்லூரி நாடகக் குழுவிடம் கெஞ்சிக் கூத்தாடி மேடை விளக்குகளை வாங்கி வந்தான். சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போயிற்று. சரி என்று மெயினிலிருந்தே நேராக ஒரு வயரை இழுத்தான். இந்த முறை வெளியே எங்கோ டமால் என்று கேட்டது. பட்டறை கும்மிருட்டானது.

"சபாஷ். இருந்த வெளிச்சமும் போச்சு" என்றான் பஸ்தியான்.

யெல்மர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த எலக்ட்ரீஷியன் ஹென்ட்ரிக் வீட்டுக்குப் பறந்தான். போன நேரம், அங்கே ஹென்ட்ரிக்கின் மாமியாருக்குப் பிறந்தநாள். வட்டமாக நாற்காலி போட்டு மொத்தச் சொந்தமும் உட்கார்ந்திருந்தது. அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, மாமியார் பிறந்ததற்கு அவரவருக்கும் வாழ்த்துச் சொல்லாமல் யாரும் பேச்சை ஆரம்பிக்க முடியாது. யெல்மர் சுற்றி வந்து முடித்தபோது அவன் கையில் கேக் தட்டு இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் அவசரம்..."

"காபி வரட்டும்பா. இப்ப எந்திரிச்சா மாமியார் ஒரு வருஷத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்."

காபி வந்தது. கூடவே ஜன்னல் வழியாகப் பளீரென்று வெயிலும் வந்தது.

"ஐயோ, வெயில்!" என்று யெல்மர் அலறினான். மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகத்தான் வந்திருக்கு. உக்காரு தம்பி, ஆல்பம் காட்டறேன்" என்றார். ஆல்பத்தில் அவருடைய நாலு பிறந்தநாள்தான் தாண்டியிருந்தது, அதற்குள் நண்பகல் தாண்டிவிட்டது. யெல்மர் கழிவறைக்குப் போகிறவன் மாதிரி எழுந்து ஓடியே வந்துவிட்டான்.

பட்டறை காலி. காரைக் காணோம். ஃபோனில் சார்ஜ் இல்லை. பையில் கைவிட்டால், சோதனைக் கருவிகள் வைத்த அலமாரியின் சாவி சிரித்தது. அவன் இல்லாமல் யாரும் எதையும் அளந்திருக்க முடியாது. தலையில் அடித்துக்கொண்டான்.

வெயில் வந்தால் டெவென்டர்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. பட்டறைத் தெரு முனையில் ஆற்றங்கரை காபிக் கடை வாசலில் கார் நின்றது. அதைச் சுற்றிக் குழு முழுக்கக் கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டி, பீர் கிளாஸோடு கிடந்தது. ஆன்னமீக் லேசாகக் குறட்டை விட்டாள்.

"துரோகிகளா! என் கூரை சாகப் போகுது, நீங்க குளிர் காயறீங்க!"

"சாவி உங்கிட்ட, வெயில் எங்ககிட்ட" என்றான் பஸ்தியான் கண்ணைத் திறக்காமல். "வேற என்னடா செய்யச் சொல்ற?"

அப்போது பெரிய மேகம் ஒன்று வந்து சூரியனை மூடியது. யெல்மர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருஷ உழைப்பு, நாளைக்குக் கப்பல்.

கடைக்காரி ட்ரூஸ் அவன் முன் ஒரு பீர் வைத்தாள். கிளாஸ் ஜில்லென்றிருந்தது.

"குடிப்பா. யாரோ ஒரு வீணாப்போனவன் காலையிலயே தெரு கரண்ட்டயே காலி பண்ணிட்டான். உன் பசங்கதான் கார்ல இன்வெர்ட்டர் மாட்டி, என் ஃபிரிட்ஜு, காபி மெஷினு, பக்கத்துக் கடை ஐஸ்கிரீம் பெட்டின்னு மூணு மணி நேரமா ஓட்டிக் குடுத்தாங்க, புண்ணியவானுங்க. ஆனா உள்ள இருக்கற அந்த பேட்டரி முள்ளு ரிப்பேர் போலிருக்கு தம்பி, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், நிறைஞ்ச இடத்த விட்டு இறங்கவே மாட்டேங்குது."