சரித்திரம் கையில் மைக்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன். எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆனாலும் ராமநாதபுரம் சீமையிலேயே நாடகத்தை அதிகமாகக் கெடுத்தவர் 'சரித்திரம்'தான் என்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

அவர் எங்கள் நாடக மன்றத்தின் அமைப்பாளர். எந்த ஊருக்கு எந்த நாடகம், யார் ராஜா, யார் ராணி என்று முடிவு செய்வது அவர்தான். மன்றத்தின் வரலாற்றைச் சொல்லாமல் ஒரு வணக்கம்கூட வைக்க மாட்டார்; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அந்த வரலாறும் ஊருக்கு ஊர் மாறும். கீழக்கரைப் பக்கம் போனால் மன்றத்தைத் தொடங்கியவர் கப்பல் வியாபாரி. திருவாடானையில் அதே ஆள் சிவனடியார்.

"ரெண்டும் ஒரே ஆளாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏலே, பெரிய மனுசன்னா பல ஊர்ல பொறப்பாருலே!"

நான் மைக்செட்காரன். அவர் வரலாற்றைத் தொடங்கியதும் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அவருக்குத் தெரியாது. அவர் குரல் அவருக்கு எப்போதும் நன்றாகக் கேட்கும்.

போன வருஷம் மாசிக்களரித் திருவிழாவுக்கு நயினார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் நாடகம். மற்ற ஊர்களெல்லாம் பாட்டுக் கச்சேரிக்கு மாறிவிட, எங்களை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்த ஓர் ஊர்தான்.

"இந்தத் தடவ சொதப்புனீகன்னா அடுத்த வருசம் கச்சேரிதான். பாத்துக்கங்க" என்றார் கமிட்டித் தலைவர்.

எங்கள் வழக்கத்தில் ஒத்திகை கிடையாது. நாடகத்தின் பெயரை அமைப்பாளர் போனில் சொன்னால் போதும். ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, வேஷம் கட்டி மேடையேறுவார்கள். அன்று ராணியாக நடிக்கும் நடிகை தாமதமாக வந்து, வேனுக்குள்ளேயே வேஷம் போட்டு நேரே மேடைக்குப் போனார்.

நாட்டை இழந்த ராஜா காட்டில் நின்று, "தேவீ!" என்று கதறினார்.

தலையில் படமெடுத்த பாம்புக் கிரீடத்தோடு தேவி வந்தார். "யாரடா மானிடா, என் புற்றை மிதித்தவன்?"

பக்கத் திரைக்குள்ளிருந்து சரித்திரம் பல்லைக் கடித்தார். "ஏத்தா, இது நாடிழந்த ராஜா கதை!"

"நீங்க சொன்னாத்தானேண்ணே? ஒங்க வரலாறு முடிஞ்சு கதப் பேரு வாறதுக்குள்ள போன்ல சார்ஜ் போயிருச்சு. போன தடவ போட்ட பாம்புக் கததான்னு நெனச்சேன்."

"ஏலே, ராசா பொண்டாட்டி தலையில என்னலே அது?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். கமிட்டித் தலைவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

வேர்வை வழிய வந்து சரித்திரம் மைக்கைப் பிடித்தார். என் கை வழக்கம்போலக் குமிழுக்குப் போனது. சத்தத்தைக் கூட்டினேன்.

"பெரியோர்களே! காட்டுல தனியா விட்டுட்டுப் போன புருசன் மேல உள்ள கோவத்துல ராணி பாம்பா மாறுன வரலாறு, எங்க மன்றத்துல மட்டும்தான் உண்டு!"

பெண்கள் பக்கம் கைதட்டல் கிளம்பியது. "விடாத தாயீ, கொத்து!"

ராஜா ராணியின் காலில் விழுந்தார். அவர் அவ்வளவு உண்மையாக நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

"அடுத்த வருசமும் நீங்கதான்" என்றார் தலைவர். "இந்தப் பாம்பு வந்தாகணும்."

சரித்திரம் வந்து என் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"நான் பேசுனது கேட்டுச்சாலே?"

"கடைசி ஆளு வரைக்கும் கேட்டுச்சுண்ணே."

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லாதது அன்றுதான்.

மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாருக்கும் போன் செய்து வரலாறு சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்கும் போனில் சார்ஜ் மிச்சம்.