வாத்தை விரட்டிய கம்ப்யூட்டர்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறீர்கள். அதற்கு நான் உத்தரவாதம். ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி முடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னால் கண்ணாடிக்காரரைச் சோபாவிலிருந்து எழுப்ப வேண்டியிருக்கிறது. இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

நல்லவேளை, அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே எழுந்தார்.

"ஒரு முடிவுக்கு வந்துட்டேன்," என்றார்.

"நீங்க எந்திரிச்சதே பெரிய முடிவுங்க," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"கிண்டல் பண்ணாதே. நம்ம வீட்டு வீடியோ எல்லாம் மூலைக்கு ஒண்ணா கெடக்கு. உன் தங்கச்சி கல்யாணம், பாப்பா நடந்தது, விழுந்தது, பல்லு விழுந்தது, எல்லாத்தையும் சேர்த்து ஒரே படமா எடிட் பண்ணப் போறேன். அதுக்கு நானே ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போறேன்."

"கடையில விக்கறாங்களேங்க?"

"அது பணக்காரன் வழி. நான் பழைய பார்ட்ஸை வாங்கி நானே மாட்டிடுவேன். இருபது வருஷமா கடுகு சைஸ் ஸ்க்ரூவைக் கண்ணாடில மாட்டறவன் நான். கம்ப்யூட்டர் ஸ்க்ரூ எனக்கு பூசணிக்காய் மாதிரி!"

கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் வேறு எப்படிப் பேசுவார்? அவரிடம் சட்டைப்பை நிறைய துடைக்கும் துணி உண்டு. எதிரில் இருப்பவர் கண்ணாடியில் ஒரு விரல் தடம் தெரிந்தால், பேச்சை நிறுத்தி அதைப் பிடுங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு.

இப்போது வாத்து.

ஏழு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போனார்கள். அங்கே ஒரு வாத்து. சிங்கம் இல்லை, காட்டெருமை இல்லை, வாத்து. அது கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணாடிக்காரரைத் துரத்தியது. அவர் மூன்று பெஞ்சைச் சுற்றி ஓடினார். மூச்சு வாங்கியதும், அப்போது ஆறு வயதான மகளைத் தூக்கித் தனக்கு முன்னால் கேடயம் மாதிரி நிறுத்திவிட்டு, அவள் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை காலைத் தரையில் உதைத்து, "போ!" என்றாள். வாத்து போய்விட்டது.

இவ்வளவையும் மனைவி கை நடுங்காமல் வீடியோ எடுத்தாள். சிரிப்பு மட்டும் நடுங்கியது.

அந்த மெமரி கார்டு அவள் பீரோவில், நகைப்பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், கண்ணாடிக்காரர் ஜெயிக்கிற நேரமாகப் பார்த்து அவள் கேட்பாள்: "கார்டை எடுக்கட்டுமாங்க?" உடனே அவர் தோற்றுவிடுவார்.

இது பத்தாது என்று அவர் இன்னொரு காரியம் செய்திருந்தார். சகலையிடம் கதை விட்டிருந்தார். சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர், உடற்பயிற்சிக்கூடம் நடத்துபவர், ஆறடி உயரம். கைகுலுக்கினால் நாம் விரலை எண்ணிப் பார்க்க வேண்டும். அவரிடம், "வெறிபிடிச்ச வாத்து, சகலை! பாப்பாவைக் கொத்த வந்துச்சு. குறுக்க பாஞ்சு ஒரே அதட்டு. எடுத்தது பாரு ஓட்டம்!" என்று அளந்திருந்தார். ஓட்டம் எடுத்தது யார் என்பதில்தான் சின்னத் தவறு.

அவர் சோபாவிலிருந்து எழுந்த அன்று காலையில்தான் சகலை போன் செய்திருந்தார். "அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வர்றோம். நீங்க வாத்தை அடக்கின வீடியோ இருக்காமே? அதைப் பார்க்காம போகமாட்டேன்!"

கம்ப்யூட்டர் ஏன் பிறந்தது என்று இப்போது புரிந்திருக்குமே? ஒரே வாரம். அதற்குள் கார்டைக் கைப்பற்ற வேண்டும், வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், வீரனாக வேண்டும்.

"அப்ப அந்தக் கார்டும் வேணும்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பெரிய போர் வரும் என்று எதிர்பார்த்தார்.

"வேணாமா பின்ன? இந்தாங்க."

கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடிக்காரருக்கு உள்ளங்கை அரித்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று சிரித்துக் கேட்பாள், நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று குப்பி ரத்தம் போயிருக்கும். அவள் இவ்வளவு இனிமையாக இருந்தால் எங்கேயோ ஊசி ஏறுகிறது என்று அர்த்தம். எங்கே என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை பழைய பார்ட்ஸ் கடைக்குப் போனார். மூடிப்போன ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரின் கேபினெட் கிடைத்தது, நெற்றியில் '6' என்று ஸ்டிக்கரோடு. மதர்போர்டு ஒருவர் கழற்றிப் போட்டது, மெமரி ராம் இன்னொருவர் வேண்டாம் என்றது.

"மானிட்டர் வேணாமா சார்?" என்றார் பார்ட்ஸ் கடைக்காரர்.

"என் கடைல கண் டெஸ்ட் பண்றது இருக்கு."

"கூலிங் ஃபேன் அடியில பாத்து சார், அதுல ஒரு..."

"எனக்குத் தெரியும்!"

தெரியாது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினார். பிராசசர் மேல் உட்காரும் ஃபேனைத் திருப்பிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பளபளக்க வேண்டிய உலோகத்தில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு பசை!

"எவன் கைய வெச்சான் இதுல? என் கடைல ஒரு லென்ஸ் இப்படி வெளிய போகுமா?"

ஸ்பிரே அடித்தார். துடைத்தார். ஊதினார். மறுபடி துடைத்தார். முகம் தெரிகிற வரை துடைத்தார். மீசையைக்கூட அதில் பார்த்துக்கொண்டார். பிறகு மாட்டினார். சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது, திரை வெளிச்சமானது, வீடே கைதட்டியது.

பதினோராவது நிமிஷம் அணைந்தது.

மறுபடி போட்டார். வீடியோவைத் திறந்தார், வாத்து வந்தது, கழுத்தை நீட்டியது, டப்! அணைந்தது. பிளக்கை மாற்றினார், அணைந்தது. அறையை மாற்றினார், அணைந்தது. "பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் கரண்டை இழுக்குது," என்று போய்ச் சண்டை போட்டார். அவர்கள் துணியைக் கையில் துவைத்தார்கள். அப்போதும் அணைந்தது.

புதன்கிழமை முழுக்க அவர் உட்காரவில்லை. கடையில் கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்தார். வீட்டில் சமையலறைக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது. பத்து நிமிஷம் வெட்டுவார், பதினோராவது நிமிஷத்துக்குள் சேமிக்க ஓடுவார், அது அவரை முந்திக்கொண்டு அணைந்துவிடும். பிறகு ஆறும்வரை சுற்றி வருவார்.

"அப்பா, உக்காருங்க. எனக்குத் தலை சுத்துது," என்றாள் மகள்.

"உனக்கென்ன? ஞாயித்துக்கிழமை மானம் போறது யாருக்கு?"

"என்ன போகுது?"

"ஒண்ணும் போகல! படி!"

சமையலறையிலிருந்து மனைவி தங்கையோடு போனில் பேசுவது கேட்டது. "கவலைப்படாதேடி. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும். அவரு பாவம், ராப்பகலா உழைக்கிறாரு."

அடடா, எவ்வளவு பொறுப்பான மனைவி என்று கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை கடையிலிருந்து வந்ததும் மனைவி சொன்னாள்: "ஏங்க, எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா அந்தப் பக்கத்து மூடியைக் கழட்டிட்டு, நம்ம டேபிள் ஃபேனை எதிர்ல வெச்சா?"

"போடி, இது என்ன நெல்லு காயப் போடறதா?" என்று சிரித்தார். அவள் உள்ளே போனதும் மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை எதிரில் வைத்தார்.

பதினோரு நிமிஷம் ஆனது. ஓடியது. இருபது நிமிஷம், ஓடியது. ஒரு மணி நேரம்!

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினார். "காத்து! காத்துதான் பிரச்சனை! யோசிச்சேன் பாரு, மூளை!"

"உங்களுக்குத் தோணுச்சே, பெரிய விஷயங்க," என்றாள் மனைவி.

அப்புறம் நடந்ததுதான் வேலை. பெஞ்சைச் சுற்றிய ஓட்டம் போயிற்று. குழந்தைக் கேடயம் போயிற்று. வாத்து வருவது இருந்தது, வாத்து திரும்பிப் போவது இருந்தது. நடுவில் ஒரு வீர முகம் வேண்டுமே! தேடியதில், மச்சினி கல்யாணத்தில் செருப்பு காணாமல் போனபோது அவர் விட்ட முறைப்பு கிடைத்தது. நீலச்சட்டை, பின்னால் கல்யாண மண்டபத்துச் சுவர். ஏரிக்கரையில் அவர் போட்டிருந்ததோ சிவப்புச் சட்டை. 'எவன் சட்டையைப் பார்க்கப் போறான்?' என்று ஒட்டிவிட்டார்.

குழந்தையின் "போ!" குரலை அழித்துவிட்டுத் தன் குரலைப் பதிவு செய்தார்.

"போ!"

"யாரைங்க போகச் சொல்றீங்க?" என்றாள் மனைவி உள்ளிருந்து.

"உன்னையில்ல! ...போ!"

"கேஸ்காரர் வாசல்ல நிக்கிறாரு. அவரையா?"

"ஐயோ, அவரு இருக்கட்டும்! ...போஓஓ!"

கேஸ்காரர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சகலை வந்தார், கூடவே மச்சினி. சகலை கைகுலுக்கினார், கண்ணாடிக்காரர் விரல்களை எண்ணிக்கொண்டார். படம் ஓடியது. பல் விழுந்தது, கல்யாணம் நடந்தது, ஏரி வந்தது. வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. திரை முழுக்கக் கண்ணாடிக்காரரின் முறைப்பு. இடிபோல ஒரு "போஓஓ!" வாத்து ஓட்டம்.



"அண்ணே," என்றார் சகலை மெதுவாக. "நடுவுல நீலச்சட்டை வருதே?"

கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்துத் திரையைத் துடைக்கப் போனார். முடிந்தது கதை என்று நினைத்தார்.

"வேர்த்துப் போச்சு, மாத்திக்கிட்டாரு," என்றாள் மனைவி. முகத்தில் ஒரு சலனமில்லை.

"வாத்து வந்துட்டிருக்கும்போதா அக்கா?"

"அதான் தைரியம்ங்கறது. வாத்து பாஞ்சு வருது, மனுஷன் நின்னு நிதானமா பட்டன் போடறாரு!"

மகள் சோபா குஷனைக் கடித்துக்கொண்டிருந்தாள். (சொன்னேனே, ஓர் இடம் வரும் என்று. இதோ, சிரித்துக்கொள்ளுங்கள்.)

"பின்னாடி ஒரு சுவரு..."

"ஏரிக்கரைச் சுவரு," என்றாள் மனைவி.

சகலை எழுந்து வந்து கண்ணாடிக்காரரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எலும்பு நெறிந்தது. கண்ணாடிக்காரருக்கு ஆனந்தம் ஒரு பக்கம், அரிப்பு ஒரு பக்கம். மனைவி ஏன் தனக்காக இப்படிப் புளுகுகிறாள்? ஏழு வருஷமாகக் கார்டைக் காட்டி மிரட்டியவள்?

"பெரிய பாரம் எறங்குச்சுண்ணே," என்றார் சகலை. "இவளுக்கு ஆபீஸ்ல ஒரு வருஷம் வெளியூர் மாற்றல், நானும் கூடப் போறேன். எங்க குட்டியை எங்க விடறதுன்னு தூக்கமே இல்ல. அக்காவும் பாப்பாவும் நாங்க பாத்துக்கறோம்னு கெஞ்சுறாங்க. நான்தான், அண்ணனுக்கு நாய்ன்னா பயமாச்சேன்னு..."

"பயமா? எனக்கா?" வாய் மூளையைக் கேட்காமல் பேசிவிட்டது. "முடி ஒத்துக்காது, அவ்வளவுதான்."

அவர் நாயைக் கண்டால் தெருவை மாற்றுபவர். சகலை வீட்டுக்குப் போனால், "முடி ஒத்துக்காது, கொல்லையில கட்டுங்க," என்பார். குட்டி என்பது பேர்தான். எழுந்து நின்றால் சகலை தோளில் கை போடும்.

"முடிதானேங்க? தினமும் நான் வாரிவிடறேன்," என்றாள் மனைவி.

"நான் குளிப்பாட்டறேன்!" என்றாள் மகள்.

"காலைல நடக்கக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும் தைரியமான ஆள் வேணும்," என்றாள் மச்சினி. "தெருநாய் வந்தாலும் மாமா ஒரு அதட்டு போட்டா போதும்."

"யோசிச்சு... அடுத்த மாசம்..." என்று இழுத்தார் கண்ணாடிக்காரர்.

"எதுக்கு மாசம்? கார்லயே இருக்குண்ணே!" சகலை படியிறங்கி ஓடினார், மகள் அவருக்கு முன்னால் ஓடினாள். மச்சினி ஜன்னலுக்குப் போனாள்.

கீழே யாரோ இரும்பு டிரம்மை உருட்டியது போல ஒரு குரைப்பு கேட்டது.

கண்ணாடிக்காரர் அப்போதுதான் மூலையைப் பார்த்தார். புதுத் தட்டு, புதுக் கழுத்துப்பட்டை, பத்து கிலோ தீனி மூட்டை. ஒரே நாளில் வாங்கியது போலத் தெரியவில்லை. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"சகலைக்கு வீடியோ இருக்குன்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"கம்ப்யூட்டர் அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சே?"

"துவைக்கப் போட்ட உங்க துடைக்கிற துணியில சாம்பல் பசை இருந்துச்சு. பார்ட்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அது அழுக்கில்லம்மா, சூட்டை எறக்குற மருந்து, அதைத் துடைச்சா மிஷின் கொதிச்சுப் போயி நின்னுடும்னாரு. வியாழக்கிழமை மத்தியானம் லீவு போட்டு, அந்த மருந்தை வாங்கிட்டு வந்து, அவரு போன்ல சொல்லச் சொல்ல, நான் கழட்டித் தடவி மாட்டினேன். படம் முடியணுமேங்க!"

படிக்கட்டில் நான்கு கால்கள் ஏறும் சத்தம் நெருங்கியது. கண்ணாடிக்காரர் நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"அப்ப, நான் வெச்ச அந்த டேபிள் ஃபேன்?"

"உங்களுக்குக் காத்து வந்துச்சுல்லங்க?"