லாட்ஜ் வைத்தியரும் லேடி டாக்டரும்

கல்யாணமாகி ஏழு மாதம் வரை நானும் என் கணவரும் அக்கம்பக்கத்தார் மெச்சும்படி ஒற்றுமையாக இருந்தோம். ஒரே அறையில் வேலை பார்க்கும் இரண்டு குமாஸ்தாக்களைப் போல.

எழுபதுகளின் நடுப்பகுதி. அவர் இராசாங்கம், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் வெல்டர். நான் கடப்பாக்கத்துப் பெண். சதுரங்கப்பட்டினத்தில் வாடகை வீடு. இரும்போடு இரும்பை ஒட்டவைப்பதில் அவர் சூரர் என்று சூப்பர்வைசரே சொல்வாராம். வீட்டில் மட்டும் கட்டிலின் அந்த ஓரத்தில் அவர், இந்த ஓரத்தில் நான். முதலில் ஓரிரு முறை முயன்று, இருவரும் பயந்து வியர்த்துப்போனதோடு சரி. அப்புறம் அவர் என் முகத்தையே பார்ப்பதில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். (கருப்பு, குறட்டை, கோணல் பல் என்று காரணங்களையும் நானே அடுக்கிவைத்திருந்தேன்.) பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனால் திரும்புவதில்லை என்றும் தீர்மானித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் கிடைத்தது. தாம்பத்தியக் குறைகளைத் தீர்க்கும் பரம்பரை வைத்தியர், மாதத்தின் முதல் ஞாயிறன்று செங்கல்பட்டு லாட்ஜ் ஒன்றில் நேரில் பார்க்கிறாராம்.

"இது இன்னாங்க?" என்று நீட்டினேன்.

அவர் தரையைப் பார்த்தார். "குறை உன்னாண்ட இல்ல சம்பூ. என்னாண்டதான் கீது. நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்."

"கல்யாணம் ரெண்டு பேருக்குந்தான ஆச்சு? ரெண்டு பேருமே போவலாம்."

என் ஆயுளில் நான் சொன்ன புத்திசாலித்தனமான பேச்சு அது. சொன்ன கையோடு புத்தி என்னை விட்டு இறங்கிப் போய்விட்டது. யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவருக்கு வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டேன். (கறுப்பாக, வட்டமாக, தவளைக் கண் போல இருக்கும்.) பஸ்ஸில் கண்டக்டர், "கண்ணு தெரியாதவரு வர்றாரு, எட்ம் வுடுப்பா!" என்று கத்தி, முன் சீட்டில் உட்காரவைத்தார். பஸ் முழுக்க எங்களையே பார்த்தது.

லாட்ஜ் மாடி வராந்தாவில் பதினைந்து ஆண்கள். எல்லோர் முகத்துக்கு முன்னாலும் பேப்பர். இரண்டு பேர் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். ஒரு பொம்பளை படியேறி வருவதைக் கண்டதும் பேப்பர்கள் இன்னும் ஒரு சாண் உயர்ந்தன. அதில் ஒன்று மட்டும் சட்டென்று இறங்கியது.

"இராசாங்கம்! கம்பெனி கண்ணாடிய வெளிய எத்துகினு வராதன்னு எத்தினி தபா சொல்றது?"

அவருடைய சூப்பர்வைசர்! தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பேப்பர் மறுபடி மேலேறியது. அதன் பிறகு அதில் ஒரு பக்கம்கூட அவர் புரட்டவில்லை.

வைத்தியர் என்னை உள்ளே விடவில்லை. "ஆம்பள சமாச்சாரம். நீ வெளிய குந்தும்மா" என்று கதவைச் சாத்தினார். இரண்டே நிமிடம். ஒரு கேள்வி கேட்கவில்லையாம். நெல்லிக்காய் அளவு லேகியத்தை வாயில் போட்டு அனுப்பிவிட்டார். பஸ் நிலையம் சேர்வதற்குள் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அன்று செங்கல்பட்டில் அவர் கதவைத் தட்டாத கக்கூஸ் இல்லை. கடைசியில் ரிக்‌ஷாவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டியூட்டியில் இருந்தவர் ஒரு லேடி டாக்டர். "என்ன சாப்பிட்டார்?"

"லேகியம்."

"எதுக்கு?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டரம்மா நர்ஸை வெளியே அனுப்பினார். என்னைத் தனியாகக் கேட்டார், அவரைத் தனியாகக் கேட்டார், பிறகு சலைன் ஏறிக்கொண்டிருந்த கட்டிலருகே இருவரையும் சேர்த்துவைத்துச் சொன்னார்: "வியாதி ஒண்ணுமில்ல. ரெண்டு பேருக்கும் பயம், அவ்வளவுதான். ஒரு மாசத்துக்கு அந்த முயற்சியே கூடாது. சாயங்காலமானா கைகோத்துட்டு கடற்கரையில நடங்க. மனசுல இருக்கறத பேசுங்க. அப்புறம் சேர்ந்து வாங்க."

நடந்தோம். முதல் இரண்டு நாள் மீன் விலையைப் பற்றித்தான் பேச்சு. மூன்றாம் நாள் அவர் மெதுவாக, "மொத ராத்திரி நீ அழுதுகினு இருந்தியே, அத்தப் பாத்து பயந்துட்டேன்" என்றார்.

"நான் எங்க அழுதேன்? சாம்பிராணிப் புகைங்க அது!"

அவர் மணலில் உட்கார்ந்து சிரித்தார். ஏழு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கோணல் பல் அவருக்கும் இருந்தது. ஞாயிறன்று மகாபலிபுரம் போனோம். அலையில் என் செருப்பு போய்விட, தன் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுடுமணலில் குதித்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதாம் நாள் டாக்டர் சொன்னதை மீறிவிட்டோம்.

எனக்கோ கதிகலங்கிவிட்டது. வைத்தியமே கெட்டுப்போயிற்றோ? மறுநாள் முதல் பஸ்ஸில் அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் வரிசை வாசல்வரை நின்றது. எங்களைப் பார்த்த டாக்டரம்மா தூரத்திலிருந்தே, "என்னம்மா, மறுபடியும் வயித்தால போகுதா?" என்றார்.

"இல்ல டாக்டரம்மா!" என்று நானும் அங்கிருந்தே கத்தினேன். "ஒரு மாசம் கூடாதுன்னீங்க. ஒம்பதாம் நாளே தப்பு பண்ணிட்டோம்!"

வரிசை முழுக்கக் குலுங்கியது. ஒரு நிறைமாதக்காரி, சிரித்தால் வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தப்புக்குத்தாம்மா மருந்தே கொடுத்தேன். போய் ஒழுங்கா பண்ணுங்க" என்றார்.

இப்போது அவருக்குச் சர்க்கரை. ஒரு மாதத்துக்கு இனிப்பு கூடாது என்று எந்த டாக்டர் சொன்னாலும், என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒம்பது நாளு தாங்குவேன்ல?" என்பார். கூட வரும் மகளுக்கு, அப்பாவுக்கு இனிப்பு ஆசை என்று எரிச்சல். அம்மா ஏன் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள் என்பதுதான் அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.