திருஷ்டி பிடித்த லேப்டாப்

மௌரி அவென்யூவில் அந்தச் சனிக்கிழமை காலை கார் நிறுத்த இடமில்லை. மளிகைக் கடையில் தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். கடையின் மாடி ஹாலில் ‘டிஜிட்டல் திருஷ்டி நிபுணர்’ ரஞ்சித்குமார் எழுந்தருளியிருந்தார். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரத் தமிழ் இன்ஜினீயர்கள் பழைய லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எல்லாம் வயிறு உப்பியவை. சில மூடவே மறுத்தன.

பேட்டரி கெட்டு உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நிமிடம் தேடினால் போனே சொல்லிவிடும். நிபுணரோ வேறு சொன்னார். வீடியோ மீட்டிங்கில் நம்மைப் பார்க்கிறவர்களின் பொறாமை லேப்டாப்பில் இறங்கி வீங்குகிறதாம். விட்டுவைத்தால் அடுத்த லேஆஃப் லிஸ்டில் முதல் பெயர் நம்முடையதாம். வேலையோடு விசாவும் போகுமே என்று பயந்து கிடந்த ஊருக்கு இது போதாதா?

ஹாமித்தின் ஆபீஸில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அவன் சரியாகத் தூங்கி மூன்று வாரமாகிறது. அவனைத் தனியாக விட மனமில்லாமல் மனைவி மெஹர் நிஷாவும் வரிசையில் நின்றாள். அவள் சாஃப்ட்வேர் டெஸ்டர்; எதைச் செய்தால் புரோகிராம் கெடும் என்று செய்து பார்ப்பதே அவள் வேலை.

“இது வெறும் பேட்டரிப்பா. ரீசைக்கிள் சென்டர்ல குடுத்துட்டு வேற வாங்கிப் போடலாம்.”

“ஒரு தடவை ட்ரை பண்ணிப் பாப்போமே, நிஷா. என்ன போயிடப் போகுது?”

லேப்டாப் ஒன்றுக்கு நூற்றியொரு டாலர் போனது.

ஒவ்வொரு லேப்டாப்பும் திரைக்குப் பின்னால் போகும். மணி அடிக்கும், சாம்பிராணி புகையும். கொஞ்ச நேரத்தில் தட்டையாகத் திரும்பி வரும். ஒரே பூஜையில் தன் லேப்டாப்பின் வயிறு வற்றிய அதிசயத்தைப் பார்த்து, வரிசையில் முன்னால் நின்ற மரகதம் ஆன்ட்டி கண்ணீரே விட்டார். குணமானவை சுவரோரம் சார்ஜரில் வரிசையாக ஒளிர்ந்தன. ஒரே ஒரு நிபந்தனை: நாற்பத்தெட்டு நாள் சார்ஜரைக் கழற்றக் கூடாது. கழற்றினால் திருஷ்டி திரும்பிவிடுமாம்.

செய்யக் கூடாது என்று ஒரு டெஸ்டரிடமா சொல்வது? ஹாமித்தின் லேப்டாப் ஒளிர்ந்ததும் மெஹர் நிஷா குனிந்து சார்ஜரை உருவினாள். திரை பொசுக்கென்று அணைந்தது.

“ஐயோ, என்னம்மா பண்ணிட்டீங்க! எனர்ஜி லீக் ஆயிடுச்சு!” என்று நிபுணர் அலறினார்.

“உள்ள இருந்தாத்தானே சார் லீக் ஆகும்? ஆன்ட்டி, உங்களதையும் கழட்டுங்க.”

மரகதம் ஆன்ட்டி தயங்கித் தயங்கிக் கழற்றினார். அணைந்தது. பக்கத்தில் இருந்தவர் கழற்றினார். அதுவும் அணைந்தது. யாரோ சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி ஸ்க்ரூடிரைவரை நீட்ட, ஹாமித் அடிமூடியைத் திறந்தான். பேட்டரி இருந்த இடம் காலி.

மெஹர் நிஷா திரையை விலக்கினாள். அட்டைப்பெட்டி நிறைய வீங்கிய பேட்டரிகள். இரண்டடி தள்ளிக் கனன்றுகொண்டிருந்தது சாம்பிராணித் தட்டு. அவள் சட்டென்று திரும்பிக் கத்தினாள்.

“எல்லாரும் வெளிய போங்க! ஒண்ணு பத்திக்கிட்டா மொத்தமும் வெடிக்கும்!”

ஹால் இரண்டு நிமிடத்தில் காலியானது. யாரோ போன் செய்ய, தீயணைப்பு வீரர்கள் வந்து பெட்டியைப் பத்திரமாக எடுத்துப்போனார்கள். பின் படிக்கட்டு வழியாக நழுவிய நிபுணர் நேரே போலீஸ் காரின் முன்னால்தான் போய் இறங்கினார்.

கீழே மரகதம் ஆன்ட்டி மெஹர் நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேளைம்மா. சான் ஹோசேல இன்னொருத்தர் இருக்காராம். அவராவது நிஜமானவரா?”

மெஹர் நிஷா ஹாமித்தைப் பார்த்தாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான்.

பேட்டரி கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம், ஐயா. மூளைக்கு அந்த வசதி இல்லை. இருப்பதையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள்.