மெயினை அணைத்த பிறகும் மின்னல்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது கண் சௌக்கியம், இடது கண் அதற்குத் துணையாகச் சௌக்கியம். அங்கே நீங்கள் எல்லோரும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாமலே சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

முன்னறை விளக்கு ஓரத்தில் பளிச்சென்று வெட்டுகிறது, வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தாய். முப்பத்தைந்து வருட எலக்ட்ரீசியன் அத்தானாக வாய்த்தும் உனக்குப் பிரயோஜனமில்லை. போன மாதம் என் வீட்டிலும் இதே கதைதான். வலது ஓரத்தில் பளிச், பளிச். லூஸ் கனெக்‌ஷன் என்று ஹோல்டரை மாற்றினேன், சுவிட்சு பெட்டியைக் கழற்றினேன், சுவரைக் கொத்தி ஒயரை உருவினேன், கடைசியில் மெயினையே அணைத்து ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் அப்போதும் பளிச்! நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். "கோளாறு சுவத்துல இல்லங்க, உங்க கண்ணுல. கிளம்புங்க" என்று உன் அக்காள் இழுத்துக்கொண்டு போனாள்.

விழித்திரையில் கிழிசலாம். அன்றைக்கே லேசர் வைத்து ஒட்டினார்கள். எத்தனையோ வெல்டிங் பார்த்தவன், பற்றவைக்கிற இரும்பாக நானே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பயந்துவிட்டேன், கண் போனால் நான் எதற்கு ஆவேன்? ஒட்டு இறுக இரண்டு வாரம் ஆகும், அதுவரை பளு தூக்காதீர்கள், ஏணி ஏறாதீர்கள், தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், புதிதாக மின்னினாலோ, கரும்புள்ளி மழையாகக் கொட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்கின மாதிரி நிழல் விழுந்தாலோ அன்றைக்கே ஓடி வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். உன் அக்காள் அதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அன்றுமுதல் தண்ணி வாளியைத் தொட்டாலே அதட்டல்தான். ஒன்பதாம் நாள் பார்த்தா, கரும்புள்ளி மழை! ஒத்தைச் செருப்போட ஓடினோம். அந்தம்மா கண்ணு ரெண்டையும் நல்லா சோதிச்சுட்டு, என் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைச்சுக் கொடுத்தாங்க. உன் அக்கா ஃபேன் துடைச்ச தூசி! மானமே போச்சு. ஆனா அவங்க சிரிக்கல. "பத்துத் தடவ சும்மா வந்தாலும் பரவாயில்ல, ஒரு தடவ வராம இருந்துடாதீங்க"ன்னாங்க.

நேற்று மறுபடி பார்த்தார்கள். ஒட்டு கெட்டியாம்! பழைய புள்ளி ஒன்றிரண்டு மிதக்கும், பழகிவிடுமாம். அப்பாடா! சொட்டு மருந்தில் கண்மணி விரிந்து எல்லாம் மங்கலாகத் தெரிந்ததா, வெளியே வந்து யாரோ ஒரு அம்மாளின் கையைப் பிடித்து "தப்பிச்சேன்டி" என்றுவிட்டேன். உன் அக்காள் பின்னால் நின்றிருந்தாள்.

ஏணி ஏற அவள் இன்னும் விடுவதாயில்லை. ஆகவே உள்ளூர் ஆள் யாரையாவது கூப்பிட்டு விளக்கைப் பார்த்துக்கொள். அவசரமில்லை, ஆற அமரச் செய்.

உன் மனைவி மக்களுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு, இரண்டு கண்ணாலும் பார்த்துக் கையெழுத்திடும்
அத்தான்

பி.கு.: உறை ஒட்டும்போதுதான் உன் அக்காள் உன் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். நான் பார்க்கவே இல்லை. 'பஸ்ஸில் போகும்போதும் அதே ஓரத்தில் வெட்டுகிறது, அங்கேயும் ஒயரிங் கோளாறு போல' என்று எழுதியிருக்கிறாய். அட மடையா! எலக்ட்ரீசியனும் வேண்டாம், ஆற அமரவும் வேண்டாம். போனில் சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்பாய், நானும் அதைத்தான் சொன்னேன். எனவே கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இந்த வரியை டாக்ஸியில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் தெரு முனை வந்துவிட்டது. கதவைத் தட்டுவது உன் அக்காள்தான். சட்டையை மாட்டு, இதை ஆஸ்பத்திரியில் படித்துக்கொள்ளலாம்.